தாளில் தெரியும் காவி இறக்கையில் ஏன் மங்குகிறது? வீட்டில் அச்சிடும் டெக்கால்கள் குறித்து வாசகர் கேள்வி–பதில்

மாடல் கிட்டுகளின் மீது ஒட்டும் சின்னங்களும் எழுத்துகளுமான டெக்கால்களை வீட்டிலேயே அச்சிட முயலும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பதில்களுக்குள் போவதற்கு முன் ஒரு சிறு விளக்கம். தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் டெக்கால் தாளில் அடியில் காகிதம், அதற்கு மேல் தண்ணீரில் கரையும் பசை, அதற்கு மேல் கண்ணாடி போன்ற மெல்லிய படலம் என மூன்று அடுக்குகள் கடையிலிருந்து வரும்போதே இருக்கின்றன. நாம் அச்சிடும் மை நான்காவது அடுக்கு, அதைக் காக்க நாம் அடிக்கும் நிறமற்ற பூச்சான க்ளியர் ஐந்தாவது. வாசகர்கள் எழுதியிருக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஐந்தில் ஒன்றிலிருந்தோ, டெக்கால் போய் உட்காரும் பெயின்ட் பரப்பிலிருந்தோ பிறக்கின்றன. எந்த அடுக்கு என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால் தாளும் மையும் வீணாவது பெருமளவு குறையும்.

கோவை வாசகர்: இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்ட டெக்காலுக்கு ஸ்ப்ரே கேனில் க்ளியர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீரில் போட்டேன். ஆனாலும் ஓரங்களில் நிறம் கரைந்து ஓடிவிட்டது. க்ளியர் சரியில்லையா?

‘ஓரங்களில்’ என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நடுவில் இருக்கும் நிறம் அசையவில்லை என்றால் மேலே அடித்த க்ளியர் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். நிறம் முடியும் கோட்டின் மீதே கத்தரித்திருப்பீர்கள். அப்படி வெட்டும்போது மையின் பக்கவாட்டு விளிம்பு திறந்துவிடுகிறது, தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகிறது. ஆகவே இங்க்ஜெட் டெக்காலை வெட்டும்போது நிறத்தைச் சுற்றி ஒரு மில்லிமீட்டராவது வெற்றுப் படலம் இருக்கும்படி விட்டு வெட்டுங்கள். வெள்ளைத் தாளில் அச்சிட்டு நிறத்தை ஒட்டியே வெட்ட வேண்டிய கட்டாயம் இருந்தால், வெட்டி முடித்த பிறகு விளிம்பைச் சுற்றி மெல்லிய தூரிகையால் க்ளியரை ஒருமுறை இழுத்து, அது காய்ந்த பின்பே நனைக்க வேண்டும்.

மையின் வகையையும் பாருங்கள். இங்க்ஜெட் மைகளில் தண்ணீரில் கரையும் சாய வகை ஒன்று, நுண்ணிய நிறத் துகள்கள் மிதக்கும் பிக்மென்ட் வகை இன்னொன்று. சில டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்டாக இருக்கும், மற்ற மூன்று நிறங்களும் சாயமாக இருக்கும். கறுப்பு எழுத்துகள் தப்பித்து, சிவப்பும் நீலமும் மட்டும் கரைகின்றன என்றால் காரணம் அதுதான். சாய மையின் மீது தண்ணீர் கலந்த அக்ரிலிக் வார்னிஷை எந்தக் காரணத்துக்காகவும் பூசாதீர்கள், காக்க வந்த பூச்சே மையைக் கரைத்துவிடும். தண்ணீருக்குப் பதில் தின்னர் கலந்த லாக்கர் வகை க்ளியர்தான் அதற்கு ஏற்றது. அச்சிட்ட தாளை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, ஓர் அடி தொலைவிலிருந்து, பனி படிவது போல மிக மெல்லியதாக முதல் பூச்சை அடியுங்கள். முதல் பூச்சையே ஈரம் சொட்ட அடித்தால் லாக்கரில் உள்ள தின்னர் மையை இழுத்துக்கொண்டு போகும். மெல்லிய பூச்சுகள் மூன்று போதும். தாளின் ஓரத்தில் நாலைந்து நிறங்களில் சிறு பட்டைகளையும் சேர்த்து அச்சிட்டு வைத்துக்கொண்டால், அவற்றில் ஒன்றை வெட்டி ஒரு நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பார்க்கலாம். டிஷ்யூவில் சாயம் ஒட்டினால் இன்னொரு பூச்சு தேவை.

தஞ்சாவூர் வாசகர்: 1:72 அளவு ஹாக்கர் ஹன்டர் கிட்டை இந்திய விமானப்படை விமானமாகச் செய்துகொண்டிருக்கிறேன். விமானப்படையின் வட்டச் சின்னமான மூவண்ண ரவுண்டலை க்ளியர் டெக்கால் தாளில் அச்சிட்டபோது தாளில் மிக அழகாக இருந்தது. இறக்கையில் ஒட்டியதும் வெள்ளை வளையம் காணாமல் போய்விட்டது; காவி நிறம் செங்கல் பழுப்பாகிவிட்டது. பிரிண்டரில் கோளாறா?

பிரிண்டரில் கோளாறு இல்லை. வழக்கமான வீட்டுப் பிரிண்டர்களில் வெள்ளை மை கிடையாது. நீலம், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளை வைத்து எல்லா நிறங்களையும் கலக்கும் பிரிண்டர், தாள் வெள்ளையாகத்தான் இருக்கும் என்ற கணக்கில் வெள்ளை வர வேண்டிய இடத்தை வெறுமனே விட்டுவிடுகிறது. தாளில் நீங்கள் பார்த்த வெள்ளை, அடியில் இருந்த காகிதத்தின் வெள்ளைதான். அந்தக் காகிதம் தண்ணீரில் கழன்றுபோனதும் ஹன்டரின் மேற்புறத்தில் நீங்கள் அடித்திருக்கும் கரும்பச்சையும் கருஞ்சாம்பலும் வளையத்தின் வழியாகத் தெரிகின்றன. மற்ற மைகளும் ஒளியை ஊடுருவவிடுபவை என்பதால், காவிக்கு அடியில் பச்சை வந்தவுடன் அது பழுப்பாகத் தெரிகிறது. இந்திய விமானப்படை ரவுண்டலில் வெளியே காவி, இடையில் வெள்ளை, உள்ளே பச்சை என்பதால் இந்தச் சிக்கல் வளையத்துக்கு வளையம் வெளிப்படும்.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, வெள்ளைப் படலம் கொண்ட டெக்கால் தாளில் அச்சிட்டு வட்டமாக வெட்டுவது. ரவுண்டல் போன்ற சீரான வடிவத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். வட்டம் வெட்டும் காம்பஸ் கட்டர் ஒன்று இருந்தால் விளிம்பும் சுத்தமாக வரும். ஆனால் வெள்ளைத் தாளின் படலம் சற்றுத் தடிமனானது. வெட்டிய விளிம்பில் முடியளவுக்கு ஒரு வெள்ளைக் கோடும் தெரியும். அதை ஒட்டுவதற்கு முன்பே, விளிம்புக்கு க்ளியர் இழுக்கும் நேரத்தில், காவி பெயின்ட்டைத் தொட்டு மறைத்துவிட வேண்டும்.

இரண்டாவது வழியைத்தான் நான் உங்களுக்குப் பரிந்துரைப்பேன். அச்சே இல்லாத வெற்று வெள்ளை டெக்கால் தாளிலிருந்து ஒரு வட்டத்தை வெட்டி முதலில் இறக்கையில் ஒட்டிக் காயவிடுங்கள். அதன்மேல் க்ளியர் தாளில் அச்சிட்ட ரவுண்டலைப் பொருத்துங்கள். அடியில் போகும் வெள்ளை வட்டம் ரவுண்டலைவிடச் சுற்றிலும் கால் மில்லிமீட்டர் சிறியதாக இருக்க வேண்டும் என்பது இதில் முக்கியம். இம்மியளவு பெரியதாக இருந்தாலும் வெளியே ஒரு வெள்ளை விளிம்பு தெரிந்து முழு வேலையையும் கெடுத்துவிடும். சிறியதாக இருந்தால் காவியின் வெளி விளிம்பு மட்டும் ஒரு நூல் அளவுக்குக் கறுத்திருக்கும், கையளவு தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. மேல் டெக்காலை நகர்த்தும்போது இறக்கையில் தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். ஈரம் குறைந்தால் அது கீழுள்ள வெள்ளையைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும்.

மூன்றாவது வழி, மாஸ்கிங் டேப்பில் வட்டம் வெட்டி இறக்கையிலேயே வெள்ளை பெயின்ட் அடிப்பது. தடிமன் மிகக் குறைவாக இருக்கும். ஆனால் பெயின்ட் விளிம்பில் மேடு கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளை மையை ரிப்பனிலிருந்து வெப்பத்தால் அச்சிட்ட ஆல்ப்ஸ் நிறுவனத்தின் மைக்ரோடிரை பிரிண்டர்கள் ஒரு காலத்தில் மாடல் கட்டுபவர்களிடையே பெரும் மதிப்புப் பெற்றிருந்தன. அவற்றின் தயாரிப்பு நின்றுவிட்டது. இன்று வெள்ளை டோனர் தூள் வைத்திருக்கும் லேசர் பிரிண்டர்கள் சில அச்சகங்களில் உள்ளன; அப்படி ஒன்று உங்கள் ஊரில் இருந்தால், லேசர் டெக்கால் தாளைக் கொண்டுபோய் ஒரு துண்டு அச்சிட்டுத் தரும்படி கேட்டுப் பாருங்கள்.

ரவுண்டலின் அளவையும் கேட்டிருந்தீர்கள். புகைப்படத்திலிருந்தோ வரைபடத்திலிருந்தோ உண்மை விமானத்தின் அளவைக் கணித்து, அதை மில்லிமீட்டராக்கி 72 ஆல் வகுத்தால் போதும். 36 அங்குலம் என்றால் 914 மில்லிமீட்டர், அதை வகுத்தால் 12.7 மில்லிமீட்டர். வரைபடத்தின் ஓரத்தில் சரியாக 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டையும் வரைந்து, முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள். கோடு 96 அல்லது 97 மில்லிமீட்டர் என்று வந்தால் பிரிண்டர் அமைப்பில் ‘தாளுக்குப் பொருத்து’ என்பது தேர்வாகியிருக்கிறது. அதை நீக்கி 100 சதவீதம் என்று வையுங்கள்.

சேலம் வாசகர்: டெக்கால் காய்ந்த பிறகு அதன் அடியில் வெள்ளி பூத்தது போல ஒரு மினுமினுப்புத் தெரிகிறது. கிட்டோடு வந்த டெக்கால்களில் இவ்வளவு இல்லை, நான் அச்சிட்டவற்றில்தான் அதிகம்.

அது படலத்துக்கும் பெயின்ட்டுக்கும் இடையே சிக்கிய காற்று. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் கைக்கு வழவழப்பாகப் பட்டாலும் உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். டெக்கால் மேடுகளின் மீது மட்டும் ஒட்டிக்கொள்கிறது. பள்ளங்களில் தங்கும் காற்று ஒளியைச் சிதறடித்து வெள்ளி போலக் காட்டுகிறது. ஆகவே டெக்கால் ஒட்டும் இடத்துக்கு முன்கூட்டியே பளபளப்பான க்ளியர் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அதன்மேல்தான் ஒட்ட வேண்டும். எல்லாம் முடிந்தபின் மேட் வார்னிஷ் அடித்துப் பளபளப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் டெக்கால்களில் மட்டும் ஏன் அதிகம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. கிட் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் படலத்தைச் சின்னத்தைச் சுற்றி மட்டுமே, மிக மெல்லியதாக அச்சிடுகிறார்கள். வீட்டுத் தாளில் படலம் தாள் முழுக்க இருக்கிறது, அதன்மேல் நாம் க்ளியரும் ஏற்றுகிறோம். மை கரையக் கூடாது என்று பயந்து ஐந்தாறு பூச்சுகள் அடித்தவருக்கு மை கரையாது. ஆனால் விறைத்துப்போன அந்தப் படலம் பேனல் கோடுகளிலும் ரிவெட்டுகளிலும் இறங்காமல் பந்தல் போட்டது போல மேலேயே நிற்கும். கோவை வாசகருக்கு மூன்று மெல்லிய பூச்சுகளோடு நிறுத்தச் சொன்னது இதை மனதில் வைத்துத்தான்.

ஒட்டும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. டெக்காலை அரை நிமிடம் தண்ணீரில் வைத்து எடுத்து, டிஷ்யூவின் மீது ஒரு நிமிடம் விட்டால் பசை தானாக இளகும். தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் பசை முழுக்கக் கரைந்து, காய்ந்தபின் ஓரம் தூக்கிக்கொள்ளும். பரப்பில் டெக்கால் நன்றாக ஒட்ட உதவும் மைக்ரோ செட் அல்லது அதுபோன்ற செட்டிங் திரவத்தை முதலில் தடவி, அதன்மேல் டெக்காலை நகர்த்தி, ஈரமான பஞ்சு முனைக் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உருட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிறகு படலத்தை இளக்கும் மைக்ரோ சால் போன்ற திரவத்தைப் பூசலாம். ஆனால் அது உங்கள் க்ளியரின் மீது எப்படி வேலை செய்யும் என்பதை வேண்டாத பிளாஸ்டிக் துண்டில் ஒட்டிப் பார்த்த பின்பே மாடலுக்கு வர வேண்டும். அக்ரிலிக் லாக்கர் அடித்திருந்தால் இளகி உட்காரும், சில வேளைகளில் அளவுக்கு மீறிச் சுருங்கியும் போகும். பாலியூரிதேன் வார்னிஷ் அடித்திருந்தால் எவ்வளவு பூசினாலும் அது அசையாது. திரவம் பட்டதும் படலம் சுருங்குவது போலத் தெரிந்தால் விரலால் தொடாதீர்கள். காயும்போது அது பெரும்பாலும் தானாகவே நீண்டு சமனாகும். அந்த நேரத்தில் தொட்டால்தான் கிழியும்.

ஏற்கெனவே வெள்ளி பூத்துவிட்ட டெக்கால்களில், மினுமினுப்பு உள்ள இடத்தில் நுண்ணிய ஊசியால் சில துளைகள் குத்தி, அதன்மேல் இளக்கும் திரவத்தை ஒரு சொட்டு விடுங்கள். திரவம் உள்ளே இறங்கக் காற்று வெளியேறும். ஒரே தடவையில் சரியாகாவிட்டால் மறுநாள் மீண்டும் செய்யலாம்.

டெக்காலைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது வேறு கதை: போர்வெல் தண்ணீரில் உள்ள உப்பு காய்ந்து நிற்கிறது. பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்துங்கள்.

சென்னை வாசகர்: நவம்பர் மாதத்தில் க்ளியர் அடித்த டெக்கால் தாள் முழுவதும் பால் போல வெளுத்துவிட்டது. கோடையில் அதே கேனில் அடித்தபோது இப்படி ஆகவில்லை.

காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது லாக்கர் அடித்தால் இப்படித்தான் ஆகும். தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடுகிறது, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சென்னையில் வெயில் ஏறிய நண்பகல் நேரம், ஏசி ஓடி ஈரம் குறைந்த அறை ஆகிய இரண்டும்தான் இதற்கு உதவும். ஏசி அறையில் தாளை ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, காற்றோட்டமுள்ள இடத்துக்கு எடுத்துவந்து மெல்லிய பூச்சை அடித்து, உடனே மீண்டும் அறைக்குள் கொண்டுபோய் உலர்த்துங்கள். மூடிய அறைக்குள் ஸ்ப்ரே கேனை அடிக்க வேண்டாம். வெளுத்துப்போன தாளைத் தூக்கி எறியாதீர்கள். உலர்ந்த ஒரு நாளில் அதன்மேல் இன்னொரு மெல்லிய பூச்சு அடித்தால் புதிய தின்னர் பழைய பூச்சை இளக்கி, அடைபட்ட ஈரத்தை வெளியேவிட, வெளுப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். அச்சிடாத தாள்களையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் உறையில் போட்டு, கனமான புத்தகத்துக்கு அடியில் தட்டையாக வையுங்கள். தாளின் பசை ஈரத்தை உறிஞ்சி, தாள் சுருண்டு, பிரிண்டருக்குள் சிக்குவது மழைக்காலத்தில்தான் அதிகம்.

மதுரை வாசகர்: 1:87 அளவில் ரயில் பெட்டிகள் செய்கிறேன். ஊர்ப் பெயர்ப் பலகைகளைத் தமிழில் அச்சிடும்போது எழுத்துகள் ஊறிப்போய் வெறும் கறுப்புப் பொட்டுகளாகத் தெரிகின்றன. அதே அளவில் ஆங்கில எழுத்துகள் தெளிவாகவே வருகின்றன.

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் வெளிநாட்டுக் கையேடுகள் எதிலும் இதற்கு விடை கிடைக்காது. பலகையில் எழுத்தின் உயரம் 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 87 ஆல் வகுக்கும்போது உங்கள் மாடலில் அது 1.15 மில்லிமீட்டர்தான். ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் அச்சிடும் பிரிண்டர் அந்த உயரத்துக்குச் சுமார் 27 புள்ளிகளை இடும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 27 புள்ளிகள் தாராளம். நம்முடைய ‘ணை’, ‘னை’, ‘ஞ’ போன்றவற்றில் அதே உயரத்துக்குள் சுழிகளும், சுழிகளுக்கு இடையே வெற்றிடங்களும் வர வேண்டும். ஒரு வெற்றிடத்துக்கு மிஞ்சுவது மூன்று நான்கு புள்ளிகளே. இங்க்ஜெட் மை படலத்தின் மீது கொஞ்சம் பரவினாலும் அது மூடிக்கொள்ளும். ‘சென்னை’ என்று அச்சிட்டால் முதலில் அடைவது ‘னை’யின் சுழிதான்.

ஆகவே எழுத்துகளுக்கு லேசர் பிரிண்டரே ஏற்றது. டோனர் தூள் உருகி ஒட்டுவதால் மை போலப் பரவுவதில்லை. தடித்த எழுத்துருவை விட்டுவிட்டு, கோடு மெல்லியதாகவும் சுழிகள் அகலமாகவும் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உண்மைப் பலகையில் எழுத்து தடித்திருந்தாலும், இந்த அளவில் அச்சில் அது தானாகவே தடிக்கும். எழுத்துகளுக்கு இடையே வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக இடம் விடுங்கள். நிறம் தூய கறுப்பாக இருக்கட்டும். நான்கு மைகளையும் கலந்த கறுப்பில் மற்ற நிறங்கள் இம்மி நகர்ந்தாலும் விளிம்பு கலங்கும். படக் கோப்பாகச் செய்யாமல் வடிவங்களைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகவே வைத்திருக்கும் இன்க்ஸ்கேப் போன்ற வெக்டர் மென்பொருளில் வரையுங்கள். அது இலவசமாகவே கிடைக்கிறது.

அச்சுக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் எழுத்துகளையெல்லாம் வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றிச் சேமிக்க மறக்காதீர்கள். அந்தக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி, நடுவில் புள்ளி வட்டங்கள் முளைத்து, ‘கொடைக்கானல்’ யாராலும் படிக்க முடியாத ஒன்றாகிவிடும். விலை உயர்ந்த டெக்கால் தாளில் அச்சான பிறகு அதைக் கண்டுபிடிப்பது மிகவும் வேதனையான விஷயம்.

திருச்சி வாசகர்: டெக்கால் தாளைப் பார்த்ததுமே லேசர் பிரிண்ட் கடைக்காரர்கள் மறுத்துவிடுகிறார்கள். ஒரு கடையில் தாள் உருகி மெஷினுக்குள் ஒட்டிக்கொண்டதாம். அவர்கள் பயம் நியாயமானதா?

முற்றிலும் நியாயமானது. லேசர் பிரிண்டரில் டோனரை உருக்கும் உருளையின் வெப்பம் 200 டிகிரி செல்சியஸை நெருங்கும். இங்க்ஜெட்டுக்கான டெக்கால் தாளின் படலம் அந்த வெப்பத்தைத் தாங்காமல் உருகி உருளையில் சுற்றிக்கொள்ளும், அதைச் சரிசெய்யும் செலவு சிறியதல்ல. லேசருக்கென்றே விற்கும் தாளை, அதன் உறையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒருமுறை பிரிண்டரில் போன தாளையோ, படலம் உரிந்த தாளையோ கொடுக்காதீர்கள். தாள் வளையாமல் நேராக வெளியே போகும் பின்பக்கத் திறப்பு இருந்தால் அதைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். அமைப்பில் ‘தடித்த தாள்’ என்று தேர்ந்தெடுத்தால் டோனர் நன்றாகப் பிடிக்கும். காய்ந்த டெக்காலிலிருந்து டோனர் செதிலாக உதிர்கிறது என்றால் போதிய சூடு கிடைக்கவில்லை என்று அர்த்தம். லேசர் அச்சு தண்ணீரில் கரையாது என்றாலும், வளைவான பரப்பில் உதிராமல் இருக்க ஒரு மெல்லிய க்ளியர் அடிப்பது நல்லது. மறுதலையாக, லேசர் தாளை இங்க்ஜெட்டில் போட்டால் மெஷினுக்குச் சேதம் இல்லை, ஆனால் மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கும்.

நாகர்கோவில் வாசகர்: இப்போது எல்லா ஊர்களிலும் யுவி டிடிஎஃப் (யுவி ஒளியில் இறுகும் மையால் ஃபிலிமில் அச்சிட்டு மாற்றி ஒட்டும்) ஸ்டிக்கர் அச்சிட்டுத் தருகிறார்கள். அதில் வெள்ளை நிறமும் வருகிறது. அதையே பயன்படுத்தினால் என்ன?

1:24 அளவு பேருந்து மாடல் என்றால் தயங்காமல் பயன்படுத்துங்கள். பக்கவாட்டு எழுத்துகளும் வழித்தடப் பலகைகளும் மிக நன்றாக வரும். 1:72 விமானத்துக்கு வேண்டாம். அதன் தடிமன் விரல் நகத்துக்குத் தட்டுப்படும், பேனல் கோடுகளை மூடிவிடும், இளக்கும் திரவம் எதற்கும் அது மசியாது.

யாழ்ப்பாண வாசகர்: பல ஆண்டுகள் பெட்டியிலேயே இருந்த ஒரு பழைய கிட்டின் டெக்கால்கள் மஞ்சள் பூத்துவிட்டன. அவற்றைக் காப்பாற்ற முடியுமா, அல்லது புதிதாக அச்சிடுவதுதான் வழியா?

எதைச் செய்வதற்கு முன்பும், தாள் நனைவதற்கு முன்பே, அதை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து ஸ்கேன் செய்தால் பிறகு அளவு பற்றிச் சந்தேகமே வராது. அதன்பின் தாளை ஜிப் உறையில் இட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் அச்சிட்ட பக்கம் வெளியே தெரியும்படி சில நாட்கள் ஒட்டிவையுங்கள். படலத்தின் மஞ்சள் வெயிலில் பெரும்பாலும் வெளுத்துவிடும். அடுத்து, உங்களுக்குத் தேவையில்லாத ஒரு சின்னத்தை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அது முழுதாகக் கழன்று வந்தால் மற்றவற்றையும் நம்பி ஒட்டலாம். துண்டு துண்டாகச் சிதறினால் மீதித் தாள் முழுவதற்கும் புதிய படலமாகக் காயும் திரவமான மைக்ரோஸ்கேல் லிக்விட் டெக்கால் ஃபிலிம் அல்லது லாக்கர் க்ளியர் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டு, ஒவ்வொரு சின்னத்தையும் விளிம்பையொட்டித் தனித்தனியாக வெட்டுங்கள். புதிய பூச்சு தாள் முழுக்க ஒரே படலமாகிவிட்டதால் வெட்டாமல் நனைத்தால் எல்லாம் சேர்ந்தே கழன்று வரும்.

அதுவும் பலிக்காத சின்னங்களை மட்டும் ஸ்கேனிலிருந்து மீட்டு அச்சிடுங்கள். ஸ்கேன் படத்தை அப்படியே அச்சிடாமல், அதை அடியில் வைத்து வெக்டர் மென்பொருளில் மேலே மறுபடி வரைந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பழைய மஞ்சளும், அசல் அச்சின் புள்ளிகளும் சேர்ந்தே அச்சாகும். வெள்ளை உள்ள சின்னங்களுக்குத் தஞ்சாவூர் வாசகருக்குச் சொன்ன இரண்டாவது வழியே உங்களுக்கும் பொருந்தும்.